பார்ட்ஸ் கழுவிக் கொடுத்தவளுக்கு

புவனா,

நீ ஜொகூருக்குப் பஸ் ஏறிப் போன பிறகு உன் கட்டில் விரிப்பைக்கூட நான் இன்னும் மாற்றவில்லை. அதற்குள் உன் பெரியம்மா, பின்வீட்டு அக்கா, சுங்காயிலிருந்து உங்கப்பாவின் தங்கை என்று ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "ஒரு பொம்மைக் காருக்காகவா கல்யாணத்த நிறுத்துனா?" சாவு வீட்டில் விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை மட்டும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் பாலில்லாத தே ஓ கலக்கிக் கொடுத்துப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். எழுதுவது உனக்குத்தான். ஆனால் இதைப் படம் பிடித்து நம் குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் போடப்போகிறேன். தெரிந்த கதையை எனக்கே சொல்கிறாளே என்று நினைக்காதே, நீ அறியாத இரண்டு இடங்கள் இதில் உண்டு. மற்றவர்கள் முழுவதையும் படிக்கட்டும். படித்துவிட்டு என்னைச் சொம்போங் என்றும் திமிர் பிடித்தவள் என்றும் சொல்வார்கள். சொல்லட்டும், பள்ளிக்கூட வேன் ஓட்டிய காலத்திலேயே கேட்டுப் பழகிய பெயர்தான்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்த அன்று மேலே இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆப்புக் கட்டைக்கு டயர் மாட்டிருக்கான்?" என்று கேட்டேன். "கான்செப்ட் கார்மா. ஒரு கண்காட்சிக்காக ஒன்னே ஒன்னு செஞ்சாங்க. யாருக்கும் விக்கல," என்றாய். ஏன் விற்கவில்லை என்று கேட்டதற்கு, "விக்கிறதுக்காகச் செய்யல," என்று சிரித்தாய். எனக்கு அந்தப் பதில் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அந்தக் காருக்குப் பக்கவாட்டில் கதவு கிடையாது. முன் கண்ணாடியை மேலே தூக்கித்தான் உள்ளே இறங்க வேண்டுமாம். ஈப்போ மழையில் அதைத் திறந்தால் வாளி மாதிரி நிரம்பிவிடும். பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வழியில்லை. ஒரு புத்தகப்பை வைக்க இடமில்லை. என் வாழ்நாளில் பாதியைத் தாமான் தாமானாக, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கழித்தவள் நான். ரோட்டெக்ஸ் கட்டி ரோட்டில் இறக்க முடியாத வண்டியைக் கண்டுபிடித்த இத்தாலிக்காரனையும், அதைச் சின்னதாகச் செய்து பெட்டியில் போட்டு விற்ற கம்பெனிக்காரனையும், அதை வாங்கி வந்த உன்னையும் சேர்த்துத்தான் அன்றைக்குத் திட்டினேன்.

ஆனாலும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாரம் முழுவதும் லேபில் அடுத்தவர் வாய்க்குப் பல் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையிலும் நீ அதே மாதிரி வெள்ளைத் தூசியில் உட்கார்ந்திருந்தாய். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்தாய். வெட்டிய தழும்பு தெரியாமல் சேண்ட் பேப்பரால் தேய்த்தாய். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாய். பெட்டிப் படத்தில் இருந்த ஆரஞ்சு கடையில் எந்த டப்பாவிலும் இல்லை என்று நீயே கலந்தாய். கலந்து கலந்து என் பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் அடித்துப் பார்த்தாய். அடுப்படி ஜன்னலில் கரண்டிகள் ஆரஞ்சும் பழுப்புமாக வரிசையாக நின்றன. விருந்துக்கு வைத்திருந்த கரண்டியெல்லாம் போச்சே என்று நான் கத்தினேன். பிறகு மழைக்காலம் வந்தது. ஈரக் காற்றில் அடித்ததால் பெயின்ட் பால் ஊற்றியதுபோல வெளுத்துப் பூத்துவிட்டது. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், இனி தூக்கிப் போட்டுவிடுவாள் என்று. நீ பெயின்ட் முழுவதையும் கரைத்து எடுத்துவிட்டு, வெயில் வரும் மத்தியானத்துக்காகக் காத்திருந்து மறுபடி அடித்தாய். முன் கண்ணாடியை லேபிலிருந்து கொண்டுவந்த பல் மெருகு போடும் பசையால் தேய்த்தாய். அதற்கு ஒரு சின்னக் கீல் செய்து, திறந்து மூடும்படி வைத்தாய். உங்கப்பா அதை ஒரு தடவை விரல் நுனியால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல நா எப்படி ஏறி உக்கார்றது?" என்று கேட்டார். அவர் தொந்தியைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது லோகேஸ். பெயரை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். அந்த மாதிரி மாடல் கிட் பெட்டி விற்கும் கடையில்தான் நீ அவனைச் சந்தித்தாய். அவன் சேர்ந்திருந்த ஒரு குரூப் இருந்தது. அதில் இருபது முப்பது ஆண்கள். மாதம் ஒரு முறை கூடித் தாங்கள் ஒட்டியதைத் தாங்களே பார்த்துப் பாராட்டிக்கொள்வார்கள். அவன் செய்த கார்களை நம் வீட்டுக்கே இரண்டு மூன்று தடவை கொண்டுவந்து காட்டினான். கண்ணாடியெல்லாம் பசை பூத்து, கண்புரை விழுந்த கிழவன் மாதிரி இருந்தன. நீ அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, அடுத்ததுல சரியாயிடும்," என்றாய். நானோ அவன் சாப்பிட்டு முடித்துத் தன் தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவினான் என்பதற்காக மயங்கிப்போனேன். "ஆன்டி, நீங்க வேன் ஓட்டுனீங்களா? பெரிய ஆளுலா நீங்க!" என்றான். அதற்கும் மயங்கினேன். ஒரு ஆண் ஒரு தட்டைக் கழுவினால் போதும், நமக்கு ராமனே வந்து இறங்கியதுபோல இருக்கிறது. அவ்வளவு மலிவாக வளர்ந்திருக்கிறோம். நீயாவது இனி தட்டைப் பார்த்து ஏமாறாதே.

நிச்சயம் முடிந்தது, மண்டபம் பேசினோம், பத்திரிகை அடித்துப் பாகான் செராயில் அவன் சொந்தங்களுக்கெல்லாம் அவன் அம்மா கொடுத்தும் முடித்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் அவன் வந்து அந்தக் காரைக் கேட்டான். "குரூப்ல காட்டிட்டுக் கொண்டாரேன் புவனா. நம்பு, கையில வெச்சே கொண்டு போவேன்." நீ ஒரு பெட்டியில் பஞ்சு வைத்து, காரின் அளவுக்கு நடுவில் குழி செய்து, அதில் உட்காரவைத்துக் கொடுத்தாய். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் அனுப்புகிறவள் மாதிரி வாசல் வரை போய் நின்றாய்.

அடுத்த சனிக்கிழமை உனக்கு லேபில் வேலை. நான் உன் ரவிக்கையின் அளவை மாற்றிக் கொடுப்பதற்காக ஈப்போ டவுனில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் கூட்டம். ஒரே மாதிரி டி-சட்டை போட்ட ஆண்கள், மேசைகள், கண்ணாடிப் பெட்டிகள். பொம்மைக் கார் போட்டி. எனக்கு அதில் என்ன வேலை என்று மின்படியை நோக்கிப் போனேன். போகிற போக்கில் நடு மேசையில் அந்த ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டது. நம் அடுப்படியில் கரண்டியில் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்ட நிறம். மேலிருந்து ஒரே ஒரு விளக்கு அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் அது எனக்கு அழகாகத் தெரிந்தது. என் மகள் செய்தது என்று பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்காரம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் முன்னால் இருந்த அட்டையைப் படித்தேன். முதல் பரிசு என்று ஒரு நாடா. அதன் கீழே லோகேஸின் பெயர், அவன் அப்பா பெயரோடு.

அவன் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மூனு மாசமாத் தூக்கமில்ல. இந்தக் கலரு எங்கயும் கெடைக்காது, நானே கலந்தது. மழைல ஒரு தடவ வெளுத்துப்போச்சு. விடலியே, முழுசாக் கரைச்சிட்டு மறுபடி அடிச்சேன்," என்றான். அதுகூடப் போகட்டும் என்று விடலாம். ஆனால் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. உன் மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று, உனக்கு வர வேண்டிய அழுகையையும் அவனே அழுதான். கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவன் விசில்கூட அடித்தான். நான் ரவிக்கைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பேசி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன். இறங்கி வரும்போது என்னைப் பார்த்தான். முகம் ஒரு நொடி வெளுத்தது. அடுத்த நொடி பல்லைக் காட்டிக்கொண்டு கிட்டே வந்து, "ஆன்டி, பசியாறிட்டீங்களா?" என்றான்.

"லோகேஸ், இது புவனா செஞ்ச காரு," என்றேன்.

"ஆமா ஆன்டி. யாரு இல்லன்னா?"

"அட்டைல ஒன் பேரு இருக்கு."

"நம்ம குடும்பம்தானே ஆன்டி. அவ வேற, நா வேறயா? மெம்பர் பேர்லதான் போடணும், அவ மெம்பர் இல்ல."

"மைக்குல நாந்தான் கலந்தேன்னியே. அதுவும் மெம்பர்தான் சொல்லணுமா?"

சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். "மெதுவா ஆன்டி. எங்க பாஸ் வந்திருக்காரு." அவ்வளவுதான் அவனுடைய பயம். அவன் யாருடையதைத் திருடினானோ அவளுடைய அம்மா எதிரில் நிற்கிறாள். அவனுக்கோ பாஸின் காதுதான் கவலை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி சொல்வார்கள். இவன் அதையும் தாண்டியவன். நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் அவளுடையது, ஏப்பம் மட்டும் இவனுடையது.

நான் வேனை எடுத்துக்கொண்டு நேராக உன் லேபுக்கு வந்தேன். நீ முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, கையெல்லாம் மாவு பூசியதுபோல வெளியே வந்தாய். பார்த்ததை நான் அப்படியே சொன்னேன். உன் பெரியம்மா இந்த இடத்தில், கல்யாணம் முடியும் வரை நீ வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்று என்னைக் கேட்டாள். தன் கல்யாணத்துக்குப் பிறகு இருபத்தெட்டு வருடமாக வாயை மூடிக்கொண்டிருப்பவள் அவள், அதனால் பிறருக்கும் அதையே மருந்தாகக் கொடுக்கிறாள். எனக்கு அந்த வைத்தியம் தெரியாது. நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு. "காரு எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சும்மா? வெளிச்சம் மேல இருந்தா வந்துச்சு?" என்றாய். மேலிருந்துதான் என்றேன். "அப்பன்னா கலரு நல்லாத் தெரிஞ்சிருக்கும்," என்றாய். பிறகு, "பரிசு எத்தனாவது?" என்றாய். முதலாவது என்றேன். "ம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

மறுநாள் மத்தியானம் அவன் வந்தான், கூடவே அவன் அம்மாவும். லட்டு டப்பாவோடு. தப்புச் செய்தவர்கள் வீட்டுக்கு வரும்போது இனிப்பு வாங்கி வருகிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. நீ அவனுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயம் கேட்டாய். "குரூப்ல எழுதிப் போடுங்க, அது நா செஞ்சதுன்னு. ஒரு வரி போதும். பரிசு எனக்கு வேணாம்." அதைவிடக் குறைவாக எந்தப் பெண்ணும் கேட்டிருக்க மாட்டாள். அவன் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தருவதாகச் சொன்னான். கோப்பையை உன்னிடமே தந்துவிடுகிறேன் என்றான். இதைவிடப் பெரிய கிட் வாங்கித் தருகிறேன் என்றான். கல்யாணம் முடிந்ததும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அவன் அம்மா லட்டு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்து, "சின்ன விசயம்மா இது. நாளைக்கு ஒரு புள்ள குட்டின்னு ஆயிட்டா இந்த வெளையாட்டுக்கெல்லாம் ஒனக்கு எங்க நேரம் இருக்கப்போவுது?" என்றாள். தன் மகன் விளையாடினால் அது திறமை, அதற்குப் போட்டி, மேடை, மைக். நீ விளையாடினால் அது பிள்ளை பெறும் வரைக்குமான பொழுதுபோக்கு.

நீ திரும்பவும், "ஒரு வரி," என்றாய். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "ஒன் பேர்ல போட்டிருந்தா யாரு நம்பியிருப்பா புவனா? யோசிச்சுப் பாரு. ஒரு பொம்பள தனியா இவ்ளோ செஞ்சான்னா ஒத்துக்குவாங்களா? என் பேர்ல போனதாலதான் பரிசு வந்துச்சு," என்றான். அதோடு நிறுத்தியிருந்தாலும் ஒருவேளை நீ இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பாய். அவன் நிறுத்தவில்லை. பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நா ஒன்னும் ஒன்ன விட்டுடலியே. பார்ட்ஸெல்லாம் நீதான் கழுவிக் குடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்லா," என்றான்.

நீ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். தழும்பு தேய்த்ததும், நிறம் கலந்ததும், வெளுத்ததைக் கரைத்ததும், கீல் செய்ததும் எல்லாம் அவன். சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடுத்தது நீ. அவன் பொய் சொல்கிறான் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அவன் அதை நம்பிவிட்டான் என்று தோன்றியது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. திருடனுக்காவது தான் திருடன் என்று தெரியும்.

"காரு இப்ப எங்க?" என்று கேட்டாய்.

"பாஸ் ரொம்ப ஆசப்பட்டாரு. குடுத்துட்டேன். ப்ரமோஷன் நேரம், புரிஞ்சுக்கோ."

நீ மோதிரத்தைக் கழற்றி லட்டு டப்பாவின் மூடி மேல் வைத்தாய். "எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாய். அவன் அம்மா, "ஒரு பிளாஸ்டிக்குக்கா? ஒரு பிளாஸ்டிக்குக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். உங்கப்பா அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். பங்குனி வெயில், உச்சி வேளை. நிறுத்திவிட்டுத் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது, எழுந்து போய்விட்டார்கள். நம் குடும்பத்தில் யாரும் யாரையும் இவ்வளவு மரியாதையாக வெளியே அனுப்பியதில்லை.

அந்த மனுஷனைப் பற்றி உன் அத்தைக்குச் சில விஷயம் தெரியாது, அதனால் எழுதுகிறேன். நான் வேன் வாங்கி ஓட்டத் தொடங்கியபோது ஊரே அதை அவருடைய வேன் என்றுதான் சொன்னது. அவருக்கு அப்போது லோரி வேலை. எப்போதாவது லீவில் வந்து டயர் மாற்றிக் கொடுப்பார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவரைத் தேடி வந்துதான், "அண்ணே, எங்க பையனுக்கும் ஒங்க வேன்ல எடம் இருக்கா?" என்று கேட்பார்கள். அவர் ஒவ்வொரு தடவையும், "எனக்குத் தெரியாதுங்க. வேன் அவளோடது. நா டயர்தான் மாத்துவேன்," என்பார். சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை, நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் அலுக்காமல் ஒவ்வொருத்தரிடமும் அதைச் சொன்னார். அன்றைக்கு எனக்கு அதன் அருமை தெரியவில்லை, லோகேஸ் வந்துபோன பிறகுதான் தெரிந்தது. இப்படி ஒருவன் கிடைத்தால் கட்டிக்கொள். கிடைக்காவிட்டால் தனியாக இரு, ஒன்றும் குறைந்துவிடாது. தன் மச்சான் வாங்கித் தந்த வீட்டைத் தான் கட்டியதாக ஊரெல்லாம் சொல்லித் திரியும் ஒரு ஆளோடு உன் அத்தை குடும்பம் நடத்துகிறாள். அவள் எனக்கு ஃபோன் பண்ணி, "அட்ஜஸ் பண்ணிப் போலாம்லா அண்ணி," என்கிறாள். அவள் அட்ஜஸ் பண்ணிப் போய்ச் சேர்ந்த இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி நீ அறியாத இடம். காரைத் திருப்பிக் கொண்டுவந்தேன் என்பதுதான் உனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காமலே, "நா ஒன்ன போகச் சொல்லலியேம்மா," என்று கோபித்துக்கொண்டாய். சொல்லவில்லைதான். ஆனால் அது அவன் பாஸின் மேசையில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலை ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்குப் போய், அவன் வேலை செய்யும் தொழிற்சாலையைக் கண்டுபிடித்து, பாஸைப் பார்க்க வேண்டும் என்றேன். நல்ல வேளை, லோகேஸ் அன்று லீவு. அந்தச் சீன முதலாளி பெரிய ரசிகராக இருப்பார், தர மாட்டேன் என்று சண்டை போடுவார், நானும் நன்றாகக் கத்தலாம் என்று தயாராகப் போயிருந்தேன். உன் கார் அவருடைய மேசை ஓரத்தில், காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கட்டு பில்லின் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஆறிப்போன காப்பி. அது என் மகளுடையது, கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். யார் உன் மகள், எப்படிச் செய்தாள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எடுத்துக்கோ அக்கா. சக்கரம்கூட உருளல," என்றார். கையில் எடுத்துப் பில்லின் மேல் உருட்டிக் காட்டினார்.

இதற்காகத்தான் அவன் உன்னை விற்றான். ஒரு காப்பிக் கோப்பையின் பக்கத்தில் பில் பறக்காமல் இருப்பதற்காக. நான் போயிருக்கலாமா கூடாதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. போகாமல் இருந்திருந்தால் இந்தக் கேவலத்தின் முழு அளவும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். வேனின் முன் சீட்டில் என் சேலை முந்தானையைச் சுருட்டி வைத்து, அதன் மேல் அதை வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டுகூட அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தை சொன்னான். போடா என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன் கண்ணாடியின் கீல் உடைந்திருந்தது. யாரோ திறக்கத் தெரியாமல் திறந்திருக்கிறார்கள். நீ அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாய். ஒட்டித் தருவாய் என்று நினைத்தேன். நீ ஒரு பழைய துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, "சோக்கேஸ்ல வெக்காதம்மா," என்று மட்டும் சொன்னாய். ஜொகூருக்குப் போகும்போது பெட்டி திறக்காத வேறொரு கிட்டைத்தான் எடுத்துப் போனாய். அது என்ன வண்டி என்று நான் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியாக இருக்காது என்று தெரியும்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது, அது நேற்று நடந்தது. சாயங்காலம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் வந்து வாசலில் நின்றான். நாற்பது வயது இருக்கும். நெஞ்சில் ஒரு மாடல் கிட் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தான். பெயர் மணியம் என்றும், அந்த குரூப்பைச் சேர்ந்தவன் என்றும் சொன்னான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அன்றைக்கு முன்வரிசையில் விசில் அடித்தவன் அவன்தான், எனக்கு முகம் ஞாபகம் இருந்தது.

"ஆன்டி, புவனா இருக்காங்களா? பெயின்ட் வெளுத்துப்போச்சு. எப்படி எடுக்குறதுன்னு கேக்கலாம்னு வந்தேன்."

"லோகேஸதான கேக்கணும்? அவன்தானே கரைச்சு எடுத்தான்?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அவனுக்கு ஒன்னும் தெரியாது ஆன்டி."

"அது ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொதல்லயே தெரியும். எல்லாருக்கும் தெரியும். அவன் செஞ்சதெல்லாம் நாங்க பாத்திருக்கோமே. அவன் கைக்கு அது வராது."

புவனா, நான் இத்தனை நாள் அந்தக் கூட்டத்தை ஏமாந்த கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் ஏமாற்றினான், மற்றவர்கள் நம்பினார்கள் என்று. யாரும் நம்பவில்லை. அந்த மேடையின் கீழே நின்ற ஒவ்வொருவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கைதட்டினார்கள், தெரிந்துதான் இவன் விசிலும் அடித்தான்.

"அப்பறம் ஏன் தட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம ஆளு ஆன்டி. அங்க வெச்சு எப்படிக் கேக்குறது?"

நீ ஊரில் இல்லை என்றதும் உன் நம்பரைத் தரச் சொன்னான். "தரேன்," என்றேன். "ஒங்க குரூப்ல எழுதிப் போடு. அந்தக் கார செஞ்சது யாருன்னு, ஒனக்குத் தெரிஞ்சத. போட்டுட்டு வந்து காட்டு. அவகிட்ட கேட்டு, அவ சரின்னா நம்பர் தரேன்." அவன் பையிலிருந்து ஃபோனை எடுத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே வைத்துவிட்டு, "பாக்குறேன் ஆன்டி," என்றான்.

"பாத்துட்டு வா," என்றேன்.

பெட்டியை மறுபடி நெஞ்சில் அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனான். இன்று விடிந்ததிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அவன் இன்னும் வரவில்லை.

அம்மா